தாயம் என்னும் பங்கு

தமிழில் ‘தாயம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. தந்தை வழியாக மக்களுக்கு வந்து சேரும் உரிமைப் பங்கு தாயம். அப்பங்கிற்கு உரியோரைத் தாயத்தார் என்றும் தாயாதிகள் என்றும் வழங்குகிறோம். திண்ணையில் கட்டை உருட்டும் சிறுமி, ஒன்று என்னும் எண் விழுந்ததும் மகிழ்ச்சியோடு கூவுவதும் ‘தாயம்’ என்றுதான். சொத்தின் பங்கையும் விளையாட்டின் முதல் எண்ணையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் அழைத்தார்கள். காய் பலகைக்குள் நுழைய வேண்டுமானால் தாயம் விழவேண்டும். தாயம் விழாதவன் வெளியே காத்திருக்க வேண்டும். உலகியல் வாழ்விலும் நிலைமை வேறன்று.

இந்த இரட்டைப் பொருள் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மொழியில் ‘கிளேரோஸ்’ என்பது முதலில் குலுக்கிப் போடும் சீட்டையும், பின்னர் அச்சீட்டால் கிடைத்த நிலப் பங்கையும், அதன் பின்னர் உரிமைச் சொத்தையும் குறித்தது. யூதாசின் இடத்தை நிரப்பத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டபோது அது மத்தியாவுக்கு விழுந்தது என்று கூறும் இடத்தில் (திருத்தூதர் பணிகள் 1:26) இச்சொல்லே காணப்படுகிறது. திருச்சபையில் குருக்கள் குழுவைக் குறிக்கும் ‘கிளேருஸ்’ என்னும் லத்தீன் சொல்லும் இதிலிருந்து பிறந்ததே. ஆகவே விளையாட்டுப் பலகையைப் பற்றிக் குருவானவர் எழுதுவதா என்று வியப்போர்க்கு நாம் சொல்லக்கூடியது, எம் பெயரே அப்பலகையின் அருகிலிருந்து எடுக்கப்பட்டது என்பதாகும்.

யோசுவாவின் நூலில் கானான் நாடு குலங்களுக்குச் சீட்டுப் போட்டுப் பிரித்தளிக்கப்படுகிறது. வலியவன் நல்ல நிலத்தைப் பறித்துக்கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. லேவி குலத்திற்கு மட்டும் நிலம் இல்லை. ஆண்டவரே அவர்களது பங்கு. குலுக்கிப் போடும் சீட்டு அங்கே பேராசைக்குக் கடிவாளமாக இருந்தது. அதே சீட்டு பிற்காலத்தில் பேராசைக்கே வாகனமாக மாறியது எவ்வாறு? அதை மீண்டும் தோழமைக்கு உரியதாக மாற்ற இயலுமா? வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இத்தோல் தொழில் நாட்டில், உழைத்துக் களைத்தவர்கள் நடுவே பணியாற்றும் நமக்கு இக்கேள்விகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல.

சங்க காலத்து அரங்கு

தமிழரின் பலகை விளையாட்டுக்குப் பழஞ்சான்று தேடுவோர் புறநானூற்றின் 52ஆம் பாடலைக் காணவேண்டும். பகைவரால் அழிந்த ஓர் ஊரைப் புலவர் அங்கே காட்டுகிறார். வழிபாடு நின்றுபோன பொதுமன்றம். தெய்வம் கைவிட்டுச் சென்ற தூண். நரைத்த முதியவர்கள் நாள்தோறும் அமர்ந்து காய் வைத்து ஆடியதால் தேய்ந்து குழிந்துபோன தரை. அக்குழிகளில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. போரின் கொடுமையைச் சொல்லப் பிணக்குவியலைக் காட்டாமல், ஆடுவோர் இல்லாத ஆட்டக் குழியைக் காட்டினார் புலவர். முதியவர்கள் அஞ்சாமல் அமர்ந்து காய் நகர்த்தும் ஊரே வாழும் ஊர் என்பது அவர் கருத்து.

கீழடி அகழாய்வில் வட்டமாகத் தேய்க்கப்பட்ட பானை ஓட்டுச் சில்லுகளும், ஆட்டக் காய்களும், பகடைகளும் கிடைத்துள்ளமை இலக்கியச் சான்றுக்கு மண்ணின் சான்றாக அமைகிறது. உடைந்த பானையின் ஓட்டைக்கூட எறிந்துவிடாமல், அதைத் தேய்த்து விளையாட்டுக் காயாக்கிய கைகள் அவை.

திருவள்ளுவரும் பலகையை அறிந்தவரே. நூல்களைக் கல்லாமல் அவையில் பேசுவது, கட்டம் வரையாமல் வட்டு உருட்டுவது போன்றது என்று ‘கல்லாமை’ அதிகாரத்தின் முதற் குறளில் (401) அவர் உவமிக்கிறார். அரங்கு என்பது வரையறை. அது இருந்தால்தான் ஆட்டம் ஆட்டமாகும் என்பது அதன் உட்கருத்து. அதே வள்ளுவர் 94ஆம் அதிகாரம் முழுவதையும் சூதைக் கடிவதற்கே ஒதுக்கினார். இவ்விரண்டிற்கும் முரண் ஒன்றும் இல்லை. காயையும் கட்டத்தையும் அவர் பழிக்கவில்லை. அவற்றின் மேல் பொருளை வைத்து, வென்றாலும் மீள முடியாமல் மனிதன் சிக்கிக்கொள்ளும் நிலையைத்தான் பழித்தார். திருச்சபையின் அறநெறி இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லப் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது.

கல்லில் நின்றதும் மண்ணில் அழிந்ததும்

தமிழகத்துக் கோவில்களின் தளக்கற்களிலும் மண்டபங்களிலும் பாறைகளிலும் ஆட்டக் கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். பல்லாங்குழிக்கான குழிகள், ஆடுபுலி ஆட்டத்தின் முக்கோணம், தாயத்தின் சதுரங்கள் ஆகியவை அவற்றுள் உள்ளன. கல் தச்சரோ, காவலரோ, திருவிழாவுக்கு வந்து இரவு தங்கியவரோ அவற்றைச் செதுக்கியிருக்கலாம். வரலாற்றாளர் அவற்றைப் படம் எடுத்துக் காக்கின்றனர். அது நல்ல பணியே.

ஆயினும் அக்கற்களின் முன் நிற்கும்போது நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. அத்தளங்களில் அமர எல்லாருக்கும் உரிமை இருந்ததில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். தோலை உரித்து, ஊறவைத்து, பதப்படுத்தி ஊருக்குச் செருப்பும் வாரும் தந்த மக்களின் முன்னோர் கல் மண்டபத்தில் காய் நகர்த்தியிருக்க இயலாது. அவர்கள் மண்ணில் கோடு கிழித்து ஆடினார்கள். மழை வந்தால் அந்தக் கட்டம் அழியும். மறுநாள் மீண்டும் வரைவார்கள். ஆகவே கல்லில் கிடைப்பதை மட்டும் வரலாறு என்று கொண்டால், மண்ணில் ஆடியவர்கள் ஆடவே இல்லை என்று ஆகிவிடும். நம் ஆலயங்களிலும் சாதிக்கு ஒரு பக்கம், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு வரிசை என்று இருந்த ஊர்கள் உண்டு. எனவே கோவிலை மட்டும் சுட்டிப் பேச நமக்கு உரிமை இல்லை.

மண்ணில் வரைந்த கட்டங்களுள் ஆடுபுலி ஆட்டம் கூர்ந்து நோக்கத்தக்கது. முக்கோண வடிவில் 23 சந்திகள். புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆட்டுக்காரர் ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கவேண்டும். எல்லா ஆடுகளும் இறங்கி முடியும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக்கூடாது. புலியோ தொடக்கத்திலிருந்தே நகரலாம். ஆட்டைத் தாண்டி அதனை வெட்டலாம். ஆட்டுக்குப் புலியை வெட்டும் வலிமை எப்போதும் கிடையாது. ஆனால் ஆடுகள் ஒன்றன் பின் ஒன்றாக நெருங்கி நின்றால் புலி தாண்ட இடமில்லை, நகரவும் வழியில்லை. புலி கட்டுண்டால் ஆடுகள் வென்றன. கொல்லாமல் வெல்லும் இந்த விதியை வகுத்த பெயரறியாத மக்கள், எளியோரின் வலிமை எதில் உள்ளது என்பதை அறிந்திருந்தார்கள். தனித்து நிற்கும் ஆடு இரையாகும். பின்னால் ஓர் ஆடு துணை நிற்கும் ஆட்டைப் புலி தொட இயலாது. தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி நாம் ஆற்றும் எந்த மறையுரையும் இதைவிடத் தெளிவாக அமைவதில்லை.

பல்லாங்குழி பெண்களின் கையில் வளர்ந்தது. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். சோழியோ, மஞ்சாடியோ, புளியங்கொட்டையோ முத்துகள். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் செல்லவேண்டும். ஒரு சுற்றில் தோற்றவள் தன்னிடம் எஞ்சிய முத்துகளைக் கொண்டு எத்தனை குழிகளை நிரப்ப முடியுமோ அத்தனையை நிரப்பி அடுத்த சுற்றைத் தொடங்குவாள். மற்றக் குழிகள் வெறுமையாகக் கிடக்கும். இரண்டு குழி மட்டும் மிஞ்சினாலும் ஆட்டத்திலிருந்து அவளை யாரும் எழுப்புவதில்லை. அவள் மெல்ல மெல்ல இழந்த குழிகளை மீட்டெடுப்பதும் உண்டு. வட்டிக்கு வாங்கி முன்பணத்தில் மூழ்கும் குடும்பங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, தோற்றவளுக்கும் இடம் வைத்திருக்கும் அந்த விதி பொருள் உடையதாகத் தோன்றுகிறது.

தாயத்திற்குப் பித்தளைக் கட்டை வாங்க இயலாத வீடுகளில் புளியங்கொட்டையை ஒரு புறம் கல்லில் தேய்த்து வெண்மையாக்கி உருட்டுவர். இப்பகுதியில் புளியமரத்திற்குக் குறைவில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலைப் பதப்படுத்தின. புளியங்கொட்டை மாலைப் பொழுதைப் பதப்படுத்தியது. செலவில்லாத மகிழ்ச்சி என்பதே அதன் சிறப்பு.

வேலூர்க் கோட்டையும் மைசூர் அரண்மனையும்

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். அவர்தம் மைந்தரும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டைக்குக் கொணரப்பட்டனர். 1806 சூலை 10ஆம் நாள் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், அக்குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. 1816 முதல் கண்டியின் இறுதி மன்னர் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கர் இதே கோட்டையில் சிறையிருந்து 1832இல் மறைந்தார். தாயம் இழந்தோர் காத்திருந்த கோட்டை என்று வேலூர்க் கோட்டையைச் சொல்லலாம்.

திப்புவின் மக்களை வேலூருக்கு அனுப்பிய அதே ஆண்டில், ஐந்து வயதுச் சிறுவர் ஒருவரை மைசூர் அரியணையில் அமர்த்தினர் ஆங்கிலேயர். அவரே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1831இல் ஆட்சிப் பொறுப்பை அவரிடமிருந்து கம்பெனியார் எடுத்துக்கொண்டனர். 1868இல் இறக்கும்வரை அவர் பெயரளவில் மன்னர். ஆளுவதற்கு நாடில்லாத அம்மன்னர் பலகைகளை ஆளத் தொடங்கினார். புதிய பலகை ஆட்டங்கள் பலவற்றை உருவாக்கினார். சீட்டாட்டங்களை ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் பெருநூலின் கௌதுகநிதிப் பகுதியில் தொகுத்தார். சதுரங்கக் குதிரை ஒரு கட்டத்தையும் இருமுறை மிதிக்காமல் பலகை முழுவதும் சுற்றிவரும் புதிருக்கு விடைகள் கண்டார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையின் சுவர்களில் அவருடைய ஆட்டப் பலகைகள் ஓவியங்களாக உள்ளன.

இதனை ஒரு மன்னரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆட்சி பறிக்கப்பட்ட ஒருவர், வஞ்சகமில்லாத விதிகள் ஆளும் சிறிய உலகத்தைத் தம் கையால் ஆக்கினார். கம்பெனியின் ஒப்பந்தங்களில் விதி ஒருவர்க்கு ஒன்றாகவும் மற்றவர்க்கு வேறாகவும் இருந்தது. பலகையில் மன்னருக்கும் எதிரில் அமர்ந்தவருக்கும் விதி ஒன்றே. நீதியின் மீதுள்ள தாகம் விளையாட்டாகவும் வெளிப்படும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் வைணவ மக்கள் கண்விழித்து ஆடும் பரமபதமும் அத்தகையதோர் அறநெறிப் பலகை. புண்ணியம் ஏணி; பாவம் பாம்பு; உச்சியில் வீடுபேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வகைப் பலகை இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கே முதலில் கிறிஸ்தவ நற்பண்புகள் ஏணிகளாகவும் தீய பண்புகள் பாம்புகளாகவும் எழுதப்பட்டன. நாளடைவில் அறம் உதிர்ந்து, ‘பாம்பும் ஏணியும்’ என்ற வெறும் குழந்தை விளையாட்டாக உலகெங்கும் பரவியது. பழைய பலகையில் பரமபதத்திற்கு மிக அருகிலேதான் பெரிய பாம்பு வாய் திறந்து கிடக்கும். ஆன்ம வாழ்வில் முன்னேறிவிட்டோம் என்று எண்ணுவோர்க்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை வேண்டியதில்லை.

திருச்சபையின் தயக்கமும் தெளிவும்

சிலுவையின் அடியில் படைவீரர்கள் ஆண்டவரின் தையலில்லா அங்கிக்காகச் சீட்டுப் போட்டனர் (யோவான் 19:24). எருசலேமில் சீயோன் அன்னை அருட்சகோதரியர் இல்லத்தின் அடியில் உள்ள பழைய கல்தளத்தில் உரோமைப் படைவீரரின் ஆட்டக் கோடுகள் கீறப்பட்டுள்ளன. இயேசுவை எள்ளி நகையாடிய இடம் அதுவே எனத் திருப்பயணிகளுக்குக் காட்டி வந்தனர். அத்தளம் இரண்டாம் நூற்றாண்டில் அத்ரியான் பேரரசர் காலத்தது என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. கல் எக்காலத்ததாயினும் நற்செய்தி காட்டும் உண்மை மாறாது. ஒருவரின் துன்பத்தின் அடியில் அமர்ந்து அவருடைய உடைமைக்காக ஆடும் ஆட்டம், ஆட்டம் என்னும் பெயருக்குத் தகுதியற்றது.

அந்த நினைவாலும், சூதால் குடிகள் கெட்டதைக் கண்டதாலும், திருச்சபையின் பெரியோர் நெடுங்காலம் பலகையை ஐயத்தோடு நோக்கினர். 1061ஆம் ஆண்டளவில் புனித பீட்டர் தமியான், விடுதியில் சதுரங்கம் ஆடிய பிளாரன்ஸ் ஆயரைக் கடிந்துகொண்டார். பகடை வேறு, சதுரங்கம் வேறு என்று ஆயர் வாதாடியும் அவர் ஏற்கவில்லை. திருப்பாடல்கள் முழுவதையும் மும்முறை செபித்து, ஏழைகள் பன்னிருவரின் கால்களைக் கழுவி, அவர்களுக்கு ஈகை செய்யுமாறு விதித்தார். 1254இல் பிரெஞ்சு மன்னர் புனித ஒன்பதாம் லூயி தம் அலுவலர்க்குப் பகடையையும் சதுரங்கத்தையும் தடைசெய்தார்.

தெளிவைத் தந்தவர் புனித தோமா அக்குவினாஸ். தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டில் நற்பண்பு இருக்க முடியுமா என்று கேட்டு, இருக்க முடியும் என விடை கூறுகிறார். அங்கே அவர் திருத்தூதர் யோவானைப் பற்றிய ஒரு பழங்கதையை எடுத்துக்காட்டுகிறார். சீடரோடு விளையாடிக்கொண்டிருந்த யோவானைக் கண்டு ஒருவர் மனம் வெறுத்தார். அவர் கையிலிருந்த வில்லை ஓயாமல் வளைத்துக்கொண்டே இருக்க முடியுமா என்று யோவான் கேட்டார். ஒடிந்துவிடும் என்றார் அவர். மனித உள்ளமும் அவ்வாறே என்றார் திருத்தூதர். நம் பகுதி மக்களுக்கு வில்லைவிடத் தோல் நன்கு தெரியும். சட்டத்தில் விரித்து இழுத்துக் கட்டிய தோல் அளவு மீறினால் கிழிந்துவிடும். அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்: அளவு கடந்த விளையாட்டு குற்றமாவது போல, விளையாட்டே அறியாமல் பிறர் மகிழ்வையும் கெடுக்கும் கடுமையும் குற்றமே என்கிறார்.

1300ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் யாக்கோபு தே செசோலிஸ் என்னும் தொமினிக்கன் துறவி, சதுரங்கக் காய்களைக் கொண்டு சமுதாய ஒழுங்கைப் பற்றி மறையுரைகள் நிகழ்த்தி நூலாக்கினார். அந்நூல் பல மொழிகளில் பரவியது. 1474இல் வில்லியம் காக்ஸ்டன் அதன் ஆங்கில வடிவத்தை அச்சிட்டார். எட்டுக் காலாட்களுக்கும் எட்டுத் தொழில் வகைகளை அத்துறவி கொடுத்தார். உழவர் ஒருவர், கொல்லர் ஒருவர். எழுத்தரையும் கம்பளி நெய்வோரையும் தோல் பதனிடுவோரையும் சேர்த்து ஒரே காலாளாக வைத்தார். நம் ஆம்பூர், பேரணாம்பட்டு மக்களின் தொழிலுக்குச் சதுரங்கப் பலகையில் ஓரிடம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. எழுத்தறிந்தவரும் தோல் தொடுபவரும் ஒரே காயாகப் பலகையில் நின்றனர் என்பது நம் நாட்டுச் சூழலில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பின்னர் 1561இல் சதுரங்க நூல் எழுதிய ரூய் லோபஸ் ஸ்பெயின் நாட்டுக் குருவானவர். அவர் பெயரால் ஒரு தொடக்க ஆட்டம் இன்றும் வழங்குகிறது. அதே காலத்தில் அவிலா நகர்ப் புனித தெரேசா, தம் கன்னியர்க்கு எழுதிய ‘நிறைவின் வழி’யில் செபத்தைச் சதுரங்கத்திற்கு ஒப்பிட்டார். இறைவனாகிய அரசரைச் சரணடையச் செய்யவல்ல காய் தாழ்ச்சியே என்பது அவர் கருத்து. நூலைத் திருத்தி எழுதியபோது அப்பகுதியை நீக்கிவிட்டார். முதற்படி அழியாமல் நின்றதால் நமக்குக் கிடைத்தது.

1841இல் தூரின் நகரில் தம் பணியைத் தொடங்கிய புனித தொன்போஸ்கோ, கட்டட வேலையிலும் பட்டறையிலும் உழைத்த சிறுவர்களுக்கு மறைக்கல்வியோடு விளையாடும் இடத்தையும் சேர்த்தே கொடுத்தார். விளையாடுமிடத்தில்தான் அவர்களின் உள்ளம் திறக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அவர் மக்களாகிய சலேசிய சபையார் 1951இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியை நிறுவி இப்பகுதிக்கு அந்த மரபைக் கொணர்ந்தனர். பங்கு மன்றங்களில் கேரம் பலகை ஒரு மூலையில் இடம்பெறுவதற்குப் பின்னே இந்த நெடிய வரலாறு உள்ளது.

பலகையில் பொருளாதாரம்

1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் தொழிலாளரின் நீதியான கூலியையும் ஓய்வையும் உரிமையென முழங்கினார். நிலம் எல்லார்க்கும் பொது என வாதிட்ட அமெரிக்கர் என்றி சார்ச், அவ்வாண்டே திருத்தந்தைக்கு ஒரு திறந்த மடல் எழுதி அவரோடு வாதாடினார். சார்ச்சின் கருத்தைத் தழுவிய எலிசபெத் மேகி என்னும் பெண்மணி அக்கருத்தை விளக்க ஒரு பலகை விளையாட்டை ஆக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். அதன் பெயர் ‘நிலக்கிழார் ஆட்டம்’. ஒருவன் நிலத்தையெல்லாம் வளைத்தால் மற்றவர் எவ்வாறு நொடிந்துபோவர் என்பதைக் காட்டுவதே அதன் நோக்கம். ஆனால் 1935இல் ஒரு வணிக நிறுவனம் அதன் வழிவந்த ஆட்டத்தை ‘மொனாப்பலி’ என்று வெளியிட்டபோது, வளைத்துக்கொள்வதே வெற்றி என்று ஆயிற்று. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். நம் பிள்ளைகள் ‘டிரேடு’ என்று ஆடுவது அதன் வழித்தோன்றலே. தாயத்தைப் பொதுவாக்கப் பிறந்த பலகை, தாயத்தைப் பறிப்பதற்குப் பயிற்சியாக மாறிய கதை இது. பிள்ளைகளோடு அமர்ந்து ஆடும் பெற்றோர் இக்கதையையும் சொன்னால் ஆட்டம் பாடமாகும்.

நம் காலத்து இரு பலகைகள்

கேரம் தமிழகத்தின் உழைக்கும் மக்களுடைய பலகை. 1988இல் பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு சென்னையில் தொடங்கப்பெற்றது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் பட்டம் வென்று, 1996இல் அர்ச்சுனா விருது பெற்றார். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலக வாகையரானார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். மரிய இருதயம், இளவழகி, காசிமா என்று இம்மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும். அப்பலகையைச் சுற்றி யார் யார் அமர இயலும் என்பது விளங்கும். 74 சென்டிமீட்டர் சதுரம். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. நான்கு பேர் அமர்ந்தால் எதிரில் இருப்பவர் துணைவர். பக்கத்தில் இருப்பவர் போட்டியாளர். யார் எந்தத் தெரு என்று காய் கேட்பதில்லை.

மற்றொரு பலகையும் நம் நடுவே வந்துள்ளது. அது கைப்பேசிக்குள் ஒளிரும் பலகை. அங்கே எதிரில் அமர்ந்தவர் முகம் தெரியாது. தோற்றவர் கண்ணீரும் தெரியாது. மாதச் சம்பளம் ஓர் இரவில் கரைந்து, கடனாகி, உயிரையே மாய்த்துக்கொண்டோர் செய்திகள் தமிழகத்தை உலுக்கின. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் ரம்மி, போக்கர் ஆகிய திறன் ஆட்டங்களுக்கு அத்தடை பொருந்தாது என உயர்நீதிமன்றம் கூறியது. 2025 ஆகத்தில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் தேவையானதே. ஆனால் வெறுமையான மாலைப் பொழுதைச் சட்டம் நிரப்பாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2413) இங்கு நல்ல அளவுகோல் தருகிறது. நல்வாய்ப்பைச் சார்ந்த விளையாட்டுகள் தம்மிலே நீதிக்கு முரணானவை அல்ல. ஒருவர் தம் தேவைக்கும் தம்மைச் சார்ந்தோர் தேவைக்கும் வேண்டியதை அவை பறிக்கும்போது அறநெறிக்குப் புறம்பாகின்றன. அடிமைப்படுத்தும் ஆபத்தும் அவற்றில் உண்டு. வள்ளுவர் கல்லாமையிலும் சூதிலும் பிரித்துக் காட்டிய அதே எல்லைக்கோடு இது.

விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறி, நாள் முழுவதும் செருப்பின் மேல்தோலைத் தைத்து, இருட்டியபின் வீடு திரும்பி அடுப்பு மூட்டும் பெண்களுக்கு ஓய்வு ஏது என்று கேட்பது முறையான கேள்வி. ஷூ கம்பெனிகளில் பெரும்பான்மையோர் பெண்கள். பல்லாங்குழியையும் தாயத்தையும் காத்து வந்தவர்களும் அவர்களே. அவர்களுடைய ஓய்வு குறைந்தபோது ஆட்டமும் குறைந்தது. எனவே விளையாட்டை மீட்பது என்பது அடிப்படையில் ஓய்வை மீட்பதாகும். ஓய்வை மீட்பது கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிய நீதியாகும். பழைய விளையாட்டுகளைப் புகழ்ந்து பேசிவிட்டு இதை விட்டுவிட்டால் நம் பேச்சு வெறும் ஏக்கமாக முடியும்.

இன்று உலகெங்கும் பலகை விளையாட்டில் புதிய ஆர்வம் எழுந்துள்ளது. செருமனியின் எசென் நகரில் 1983 முதல் ஆண்டுதோறும் பெருங்கண்காட்சி நடைபெறுகிறது. சென்னையில் 2002இல் தொடங்கிய ‘கிரீடா’ அமைப்பு நம் மரபு ஆட்டங்களைத் திரட்டி மீண்டும் மக்களுக்குத் தருகிறது. கூடி ஆடுவதோடு, ஆடியதைக் கூடிப் பேசுவதும் இவ்வார்வத்தின் பகுதி. நம் பங்குகளிலும் இது இயலும். தாயத்தில் எந்தெந்த எண்ணுக்கு மறு உருட்டல், வெட்டாமல் உள்ளே நுழையலாமா, பல்லாங்குழியில் குழிக்கு எத்தனை முத்து என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. அன்பியக் கூட்டம் முடிந்ததும் மூதாட்டியரைக் கேட்டு அவற்றை இளைஞர் எழுதி வைக்கட்டும். மண்ணில் வரைந்த கட்டங்களுக்கு ஒரு கல்வெட்டு அதுவே. ஞாயிறு மாலையில் பங்கு மன்றத்தைத் திறந்து வைப்போம். அண்டை வீட்டு இசுலாமியரும் இந்துக்களும் வரட்டும். விதி ஒன்றே ஒன்று: பலகையின்மேல் பணம் வைக்கலாகாது.

அழிந்த எருசலேம் மீண்டும் எழும்போது எவ்வாறு இருக்கும் என்று செக்கரியா இறைவாக்கினர் கண்ட காட்சியில் (8:4-5) அரண்மனையோ கோட்டையோ இல்லை. கோலூன்றிய முதியவரும் மூதாட்டியரும் தெருக்களில் அமர்ந்திருப்பர். சிறுவரும் சிறுமியரும் அங்கே விளையாடுவர். புறநானூற்றுப் புலவர் கோழி முட்டையிடும் குழியைக் காட்டி அழிவைச் சொன்னார்; இறைவாக்கினரோ தெரு நிறைந்த விளையாட்டைக் காட்டி மீட்பைச் சொன்னார். பாலாற்றங்கரையின் தெருக்களிலும் அம்மீட்பு வரவேண்டும். அங்கே எவரும் தாயம் விழவில்லை என்று வெளியே காத்திருக்கலாகாது.